பதிவேடே சாட்சி

அந்நிய நாட்டில் பிறந்தவரைத் தன் பிரஜையாக ஏற்குமுன் ஒரு தேசம் சில நிபந்தனைகளை விதிப்பது நியாயமே. நம் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கேட்பவையும் அநியாயமானவை அல்ல. விண்ணப்பத்துக்கு முந்திய 12 மாதங்கள் இடைவிடாமலும், அவற்றுக்கும் முந்திய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகளும் இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றில் போதிய அறிவு வேண்டும், தொடர்ந்து இங்கேயே வாழும் எண்ணமும் வேண்டும்.

இந்த அளவுகோலுடன் மண்டபத்துக்கோ, திருச்சி கொட்டப்பட்டுக்கோ, பவானிசாகருக்கோ சென்று பார்ப்போம். இலங்கையில் நிகழ்ந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்த தமிழர்கள் இவ்வூர்களின் அகதி முகாம்களில் பேரக்குழந்தைகளைக் கண்டுவிட்டார்கள். அவர்கள் இங்கே வசித்ததற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. மாதந்தோறும் தலைகளை எண்ணி உதவித்தொகை வழங்கிவந்த சர்க்காரின் பதிவேடுகளே போதும். நன்னடத்தையோவெனில், 'கியூ' பிரிவுப் போலீசார் இத்தனை காலமாகக் கண்காணித்துவரும் இவர்களைவிட நன்கு பரிசோதிக்கப்பட்ட ஜனங்கள் இத்தேசத்தில் எவர் உளர்? மொழியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

ஆயினும் விண்ணப்பம் வாயிலிலேயே நின்றுவிடுகிறது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம், உரிய பயணப் பத்திரமின்றி நுழைந்தவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று வகுத்து, அவருக்கு இவ்வழியை அடைத்துவிட்டது. எரியும் வீட்டை விட்டு இரவோடிரவாகப் படகேறிய தாய் பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவாள்? 1987 ஜூலை முதல் தேதியிலிருந்து முகாமில் பிறந்த அவள் மக்களுக்கோ, பெற்றோரில் ஒருவரேனும் இந்தியப் பிரஜையாக இல்லாமையால், பிறப்புரிமையும் இல்லை.

இவர்களுள் ஒரு சாரார், தேயிலைத் தோட்டங்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் இங்கிருந்தே கொண்டுபோகப்பட்டோரின் சந்ததியினர். 1948இல் இலங்கை அவர்களது பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964இல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா வாக்களித்தது. அந்த வாக்கின் கடன் இன்னும் தீரவில்லை என்பதே நம் கருத்து. 2019 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இவர்களில் சிலரது கோரிக்கையைப் பரிசீலிக்க உத்தரவிட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே மூன்று அண்டை நாடுகளின் ஆறு சமயத்தாருக்கு விலக்களித்து, 11 ஆண்டுகளை 5 ஆகவும் குறைத்த பார்லிமெண்டு, இலங்கையை விட்டுவிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழரைத் தண்டனையினின்று விலக்கிய 2025 செப்டம்பர் ஆணையை மனமார வரவேற்கிறோம். எனினும் தண்டனையினின்று விலக்குவது வேறு, பிரஜையாக ஏற்பது வேறு.

இங்கே உரிமை வழங்கினால் இலங்கையில் தமிழர் தொகை குறைந்து அவர்தம் அரசியல் பலம் க்ஷீணிக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. அக்கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. திரும்ப விரும்புவோர் கௌரவத்தோடு திரும்ப வழி செய்யப்படட்டும். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணம்புரிந்தவர்களை எண்ணிக்கைக்காக நாடற்றவர்களாக வைத்திருத்தல் தர்மமாகாது.

2019இல் எழுதிய விலக்கை அடுத்து, பதிவுபெற்ற இலங்கைத் தமிழ் அகதிகளுக்கும் ஒரு விலக்கைப் பார்லிமெண்டு சேர்க்கட்டும். முகாம் பதிவேட்டையே வசிப்பின் ஆதாரமாகக் கலெக்டர்கள் ஏற்கட்டும். 11 ஆண்டுகளைக் குறைக்கும்படிகூட நாம் கேட்கவில்லை.