மாத்திரையை நிறுத்தினால் எத்தனை நாள் தாங்கும்?

நாமக்கல் பக்கத்து கிராமம். கணவர் லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வீடு திரும்ப இருபது நாளாவது ஆகும். ‘அவர்தான் ஊரில் இல்லையே, எதற்கு தினமும் மாத்திரை’ என்று அட்டையின் பாதியிலேயே நிறுத்திவிட்டார் அந்தப் பெண். மூன்றாம் நாள் ரத்தப்போக்கு வந்தது. நிம்மதி. கணவர் வந்து நான்கு நாள் தங்கிவிட்டு மறுபடி வண்டி ஏறினார். அடுத்த மாதம் நாள் தள்ளியது. “மாத்திரையை விட்டா ரெண்டு மூணு மாசம் அப்படித்தான் தள்ளிப்போகும்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அதையே நம்பி இன்னும் ஒரு மாதம் போனது.

ஒன்றரை வயது மகனுக்குத் தடுப்பூசி போட வந்த இடத்தில்தான் கிராம சுகாதார செவிலியர் கேட்டார்: “ஏம்மா, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு, கடைசியா எப்ப தலைக்கு ஊத்துன?” பரிசோதனை அட்டையில் இரண்டு கோடுகள் விழுந்தன.

“மூணு மாசம் விடாம சாப்பிட்டேனே சிஸ்டர், அந்த மருந்து உடம்புல இருக்காதா?”

இருக்காது. இந்தக் கேள்வியைக் கேட்காத மகப்பேறு டாக்டரே இருக்க மாட்டார். சாப்பிட்டுவந்த மாத்திரை உடம்பில் சேமிப்பாகத் தங்கி, விட்ட பிறகும் காப்பாற்றும் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் உண்டு. மாலா-என் போன்ற மாத்திரைகளில் இருக்கும் இரண்டு ஹார்மோன்களும் சில நாட்களிலேயே வெளியேறிவிடும். தினமும் விழுங்கும்வரைதான் கருமுட்டை வெளியேறாமல் தடுத்து வைத்திருக்கும். நிறுத்தினால் சினைப்பை பழைய வேலையைத் தொடங்கிவிடும். பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் முட்டை வெளியேறிவிடுகிறது.

அந்தப் பெண்ணை ஏமாற்றியது மூன்றாம் நாள் வந்த ரத்தப்போக்கு. அது நிஜமான மாதவிலக்கு அல்ல. ஹார்மோன் திடீரென்று குறைந்ததால் கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிர்ந்தது, அவ்வளவே. முதல் நிஜ மாதவிலக்கு அதற்குப் பிறகுதான் வரும். ஆனால் முட்டை வெளியேறுவது அந்த மாதவிலக்குக்கு இரண்டு வாரம் முன்பே நடந்துவிடும். ‘ஒரு தடவை பீரியட்ஸ் வரட்டும், அப்புறம் ஜாக்கிரதையாக இருக்கலாம்’ என்று காத்திருந்தால், மாதவிலக்கு வராமலே கர்ப்பம் வந்துவிடும்.

பாதி அட்டையில் நிறுத்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயிரணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. அதனால், மாத்திரையை விடுவதற்கு முந்தைய சில நாட்களில் நடந்த உறவும் கணக்கில் வரும். மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகள், நிறம் மாறிய 7 இரும்புச்சத்து மாத்திரைகள். அந்த ஏழு நாள் இடைவெளியைச் சினைப்பை தாங்கும். அதற்கு மேல் புது அட்டையைத் தள்ளிப்போட்டால் தாங்காது.

கணவர் சனிக்கிழமை வருகிறார் என்று வெள்ளிக்கிழமை மாத்திரை போடுவதும் பயனில்லை. இது தலைவலி மாத்திரை அல்லவே! மாதவிலக்கு தொடங்கிய ஐந்து நாட்களுக்குள் ஆரம்பித்தால் உடனே பலன். மற்ற நாட்களில் ஆரம்பித்தால் ஏழு நாள் ஆணுறை வேண்டும். நடுவில் இரண்டு மாத்திரைக்கு மேல் விட்டுப்போனாலும் அதே ஏழு நாள்தான். லாரி டிரைவர், வெளியூர் வேலை, ராணுவம் என்று கணவர் வந்துவந்து போகும் வீடுகளில், மாத்திரையை நிறுத்தாமல் தொடர வேண்டும். அல்லது காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். கோயில் விசேஷத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கருத்தடையாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதை நம்பவே கூடாது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் முழுப் பொய்யில்லை. அவர் போட்டது அந்தரா ஊசியாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்த ஊசியை நிறுத்தினால் மாதவிலக்கு சீராகத் தாமதமாகும். மறுபடி கருத்தரிக்க கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் வரை ஆகலாம். அதற்காக அத்தனை மாதமும் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டும், பிறகு வாரம் ஒன்றும் சாப்பிடும் சாயா மாத்திரை ஹார்மோனே அல்ல. அதன் கணக்கு தனி. ஒருவரின் அனுபவத்தை இன்னொருவர் கடன் வாங்கும்போது, எந்த மருந்து என்று கேட்பதே இல்லை.

மாத்திரை சாப்பிட்டால் பிறகு குழந்தையே பிறக்காது என்று மாமியார்கள் பயப்படுவதும் தேவையில்லாதது. குழந்தைக்காக நிறுத்துபவர்களில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்குள் கருத்தரிக்கிறார்கள். மூன்று மாதம் ‘உடம்பைச் சுத்தம் செய்து’ காத்திருக்க வேண்டியதில்லை. நிறுத்துவதற்கு ஒரு மாதம் முன்பே ஃபோலிக் ஆசிட் தொடங்கினால் போதும்.

விருப்பமில்லாமல் நாள் தள்ளினால்? உறவு நடந்து 21 நாள் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். துணை சுகாதார நிலையத்தில் இலவசம். கலைக்க வேண்டிய நிலை வந்தால் அரசு மருத்துவமனைக்கோ, அரசு அங்கீகரித்த மருத்துவமனைக்கோதான் போக வேண்டும். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தே போதும் என்கிறது 2021-ல் திருத்தப்பட்ட சட்டம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி யாருக்கும் தெரியாமல் விழுங்குவது உயிருக்கே ஆபத்து. கரு குழாயில் தங்கியிருந்தால் அது ஸ்கேனில்தான் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு ஸ்கேனில் 9 வாரம். முதல் குழந்தை சிசேரியன், தையல் போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. டாக்டர் இரண்டு வழிகளையும் விளக்கினார். அன்றிரவு நாக்பூரில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கணவர் வெகுநேரம் போனில் பேசினார். குழந்தை இருக்கட்டும் என்று இருவருமாக முடிவெடுத்தார்கள். மறுவாரம் செவிலியரிடம் கர்ப்பிணிப் பதிவு போட வந்தபோது அவரும் கூடவே வந்திருந்தார். “ஆம்பளைங்களுக்குப் பண்ற ஆபரேஷனுக்கு எத்தனை நாள் லீவு வேணும் சிஸ்டர்? ஸ்டீயரிங் பிடிக்கலாமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.