சாடிச் செடிக்கும் கவ்வாத்து

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவர். பச்சைப் பசேலென்றிருந்த சரிவு சில நாட்களுள் விறகுக் குச்சிகளை நட்டு வைத்தாற்போலாகிவிடும். புதிதாய்க் காண்போர் தோட்டமே அழிந்ததென்று எண்ணுவர். தோட்டத்தாரோ கொழுந்து எங்கிருந்து வருமென்பதை அறிந்தவர்களாதலின் கலங்குவதில்லை. வடக்கே முந்திரிகைக் கொடி வளர்ப்போரும் அத்தகையோரே. கொடியைக் கழித்துவிட்டாலன்றி நல்ல குலை இல்லை என்பது அவர்தம் அனுபவம். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்றொரு பழமொழியும் நம்மிடையே உண்டு. அதன் முற்பாதியை நாம் முழுமனத்துடன் ஏற்கின்றோம். பிற்பாதியை, இத்தனை ஆண்டுகள் வகுப்பறையிற் கழித்த பின்னர், ஏற்பதற்கில்லை.

இவ்வளவும் அறிந்த நம்மவர், யன்னலோரத்தில் ஒரு சிறு சாடிச் செடியை வைத்துவிட்டால் மட்டும் அதன்மேற் கத்தி படுவதைப் பாவமென்று கருதுவது விந்தையே.

நம் வீடுகளிற் பலர் விரும்பி வைத்திருக்கும் ஜேட் செடியை எடுத்துக்கொள்வோம். தென்னாபிரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் மொசாம்பிக்கிலும் கற்பாங்கான சரிவுகளில் ஆளுயரத்துக்கு வளரும் புதர் இது. தடித்த, காசுபோன்ற இலைகளில் நீரைச் சேமித்துக்கொண்டு மழையற்ற மாதங்களைக் கழிக்கும் இயல்புடையது. திறந்த வெயிலிற் பிறந்த இச்செடியை நாம் முன்னறையின் மூலையிற் கொண்டுபோய் வைக்கின்றோம். ஒளி போதாமையால் அது யன்னலை நோக்கி நீளுகின்றது. கணுக்களின் இடைவெளி கூடுகின்றது, தண்டு மெலிகின்றது, நுனியிலோ நீர் நிறைந்த இலைகளின் பாரம். ஈற்றில் ஒருநாள் சாடியோடு கவிழ்கின்றது. நீண்டிருப்பதைச் செழிப்பென்று மயங்கி மகிழ்வோர் பலர்.

எமது அயலில் வாழும் அம்மையார் ஒருவரிடம் இத்தகைய செடி ஒன்றுண்டு. மகள் கனடாவுக்குப் பயணமானபோது தாயிடம் ஒப்படைத்துச் சென்றது அது. ஆறு ஆண்டுகளில் ஒரு முழத்துக்கு மேல் ஒற்றைத் தண்டாய் நீண்டு, இருமுறை கவிழ்ந்து, யன்னற் கம்பியிற் கயிற்றாற் கட்டப்பட்டு நின்றது. வெட்டிவிடலாமே என்று நாம் கூறினோம். “ஐயோ மாஸ்டர், பிள்ளை தந்திட்டுப் போன சாமான். அதிலை கத்தி வைக்கச் சொல்லுறியளோ?” என்றார். தாய் ஒருவர் இவ்வாறு கேட்கும்போது தாவரவியல் பேசுவது எளிதன்று. எனினும் பேசினோம்.

செடியின் நுனி மொட்டு தன் கீழுள்ள மொட்டுக்களை உறங்க வைத்துவிட்டுத் தான் மட்டும் வளரும் தன்மையது. நுனியிலிருந்து ஒக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் தண்டு வழியே கீழிறங்குகின்றது. கெனத் திமன், ஃபோக் ஸ்கூக் என்னும் இரு ஆராய்ச்சியாளர், நுனி கிள்ளிய அவரையினச் செடியின் வெட்டுவாயில் அப்பொருளை வைத்தபோது பக்க மொட்டுக்கள் முன்போலவே அடங்கிக் கிடந்தன என்பதை 1933 இல் வெளியிட்டனர். கதை அத்துடன் முடியவில்லை. 2014 இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வொன்று, நுனி போனவுடன் அதுகாறும் அதற்கே சென்றுகொண்டிருந்த சர்க்கரை பக்க மொட்டுக்களுக்குக் கிடைப்பதே அவை முதலில் விழித்தெழுவதற்குக் காரணம் எனக் காட்டியது. மூத்தவன் பந்தியை விட்டு எழுந்தபின் இளையவர்களுக்குச் சோறு கிடைத்தது என்று மாணவர்க்குச் சொன்னால் விளங்கும்.

வெட்டும் முறை கடினமன்று. ஜேட் செடியின் தண்டை உற்றுநோக்கினால், பழைய இலைகள் உதிர்ந்த இடங்களில் வளையம் போன்ற தழும்புகள் தெரியும். அவையே கணுக்கள். உறங்கும் மொட்டுக்கள் அங்கேதான் உள்ளன. தேர்ந்தெடுத்த கணுவுக்குச் சற்று மேலே, மதுசாரத்தால் துடைத்த கூரிய கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுதல் வேண்டும். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கும். நசுங்கிய இடம் அழுகும். இலைகள் எதிரெதிர்ச் சோடியாய் அமைவன ஆதலின், ஒரு கணுவிலிருந்து பெரும்பாலும் இரு கிளைகள் கிளம்பும். ஒரே தடவையிற் செடியின் மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைத்தல் நன்றன்று. காலமும் முக்கியம். யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை மாரியில் இவ்வேலையில் இறங்கவேண்டாம். மாசி, பங்குனி நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. தடித்த செடியெல்லாம் ஓரினம் என்று எண்ணிவிடக் கூடாது. ஜேட் செடியை வெட்டினால் நீர்ச்சாறே கசியும். சதுரக்கள்ளியும் அதன் இனத்தனவும் வெட்டுண்டாற் பால் வடிப்பன. அப்பால் கண்ணிற் பட்டாற் பெருந்துன்பம் விளையும். சிறுவர் கையிற் கத்தியைக் கொடுக்குமுன் செடி எதுவென்று பார்த்துக்கொள்க.

வெட்டிய நுனியை வீசிவிடலாகாது. நிழலில் நான்கைந்து நாட்கள் கிடக்கவிட்டால் வெட்டுவாய் காய்ந்து தோல் மூடும். பின்னர் ஆற்றுமணலும் செங்கற்குறுணியும் கலந்த மண்ணில் ஊன்றிவிட்டால் வேர்விடும். உதிர்ந்த தனியிலைகூட மண்மேற் கிடந்து வேரூன்றுவதுண்டு.

இதனைக் கேட்டதும் அம்மையார் வேறொரு வினாவை எழுப்பினார். “அப்ப, எது பிள்ளை தந்த செடி? சாடியிலை நிக்கிறதோ, புதிசா நடுறதோ?” பட்டதாரி வகுப்பிலும் எம்மை எவரும் இவ்வாறு மடக்கியதில்லை. விதையிலிருந்து முளைப்பது புதிய உயிர். தாய் தந்தை இருவரின் கலப்பு. தண்டை ஊன்றி முளைப்பதோ அத்தாய்ச் செடியின் உடலே. இரண்டிலும் ஓடுவது ஒரே மரபு. ஆகவே இரண்டும் அவர் மகள் தந்த செடியே என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் உள்ளே சென்று கத்தியை எடுத்து வந்தார். எம்மிடம் தரவில்லை, தாமே வெட்டினார்.

வெட்டியபின் பொறுமை வேண்டும். இவ்வினச் செடிகள் நீரிழப்பைத் தவிர்க்கப் பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடிவைத்து, இரவிலே கரியமிலவாயுவை ஏற்று அமிலமாகச் சேமிப்பன. இந்தியாவிற் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹைன், இரணகள்ளி இலை காலையிற் புளிப்பதையும் நண்பகலிற் சுவையற்றுப் போவதையும் வாயிலிட்டே கண்டறிந்து 1813 இல் கடிதமொன்றில் எழுதினார். ஜேட் செடியும் அக்குடும்பத்ததே. இவ்வாறு சிக்கனமாய் வாழும் செடி அவசரப்படுவதில்லை. துளிர் தலைகாட்டச் சில கிழமைகள் செல்லும். வெட்டுவாய்க்கும் கணுவுக்கும் இடைப்பட்ட துண்டு சுருங்கித் தானே விழும். அதைக் கண்டு செடி பட்டுப்போகின்றதென்று அஞ்சித் தண்ணீரை ஊற்றிவிடுவோரே அதனைக் கொல்பவர். முதற் கிழமை நீர் வேண்டாம். பின்னரும் மண் நன்றாய்க் காய்ந்த பிறகே ஊற்றுக. காலை வெயில் படும் இடத்துக்குச் சாடியை மாற்றிவைத்து, கிழமைக்கு ஒருமுறை சற்றே திருப்பிவிடுக. அடித்தட்டில் நீர் தேங்கினால் அன்றன்றே கொட்டிவிடுக.