கைப்பிடியைக் கழற்றியதும் கதை முடிந்ததா?

அறிவியலைக் கதையாகச் சொன்னால் பிள்ளைகள் மனதில் பதியும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆனால், வகுப்பறைக்கு வந்து சேரும் கதைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: ஒரு மேதை, ஒரு நொடிப் பொறி, உடனே வெற்றி. ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஓடுகிறார். நியூட்டன் எதிரே ஆப்பிள் விழுகிறது. பெயர் மனதில் நின்றுவிடுகிறது. அந்த மேதை தன் முடிவுக்கு எப்படி வந்தார் என்று கேட்டால் வகுப்பே விழிக்கும்.

கதைக்குள் சான்றும் சந்தேகமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது புராணம்தான்.

லண்டன் காலராவை எடுத்துக்கொள்வோம். 1854 ஆகஸ்ட் இறுதியில் சோஹோ பகுதியில் நோய் வெடித்தது. பத்து நாட்களுக்குள் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். மருத்துவர் ஜான் ஸ்னோ, பிராட் தெரு அடிகுழாய்த் தண்ணீரே காரணம் என்று கண்டு கைப்பிடியைக் கழற்றவைத்தார், நோய் நின்றது. வழக்கமாகச் சொல்லப்படுவது இவ்வளவுதான்.

நடந்தது இதைவிடச் சுவையானது. நாற்றமெடுத்த காற்றே காலராவைக் கொண்டுவருகிறது என்று அன்றைய மருத்துவர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். அப்படியானால் அதே காற்றைச் சுவாசித்த சிலர் தப்பியது எப்படி? அதே தெருவின் பீர் ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். ஒருவரும் காலராவால் சாகவில்லை. அவர்களுக்கு ஆலையே பீர் கொடுத்தது. உள்ளே தனிக் கிணறும் இருந்தது. பக்கத்து ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தும் காலராவுக்குப் பலியானவர்கள் 5 பேர்தான். அங்கும் சொந்தக் கிணறு.

அசைக்க முடியாத சான்று சோஹோவுக்கு வெளியே கிடைத்தது. ஹாம்ஸ்டெட்டில் இறந்த 59 வயதுப் பெண்மணி பிராட் தெருப் பக்கம் வந்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. ஆனால் அந்தக் குழாய்த் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், பெரிய பாட்டிலில் தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்துவந்தார். அவரைப் பார்க்க வந்த உறவுக்காரப் பெண்ணும் அதையே குடித்தார்; இஸ்லிங்டனுக்குத் திரும்பிப்போய் இறந்தார். அந்த இரண்டு இடங்களிலும் அப்போது வேறு யாருக்கும் காலரா இல்லை. ஆசிரியர் இங்கே கதையை நிறுத்திவிட்டு, “காற்றுக் கட்சிக்காரர் இதற்கு என்ன சொல்லியிருப்பார்?” என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் ஏதாவது சொல்லட்டும், மடக்கட்டும், சண்டை போடட்டும்.

கைப்பிடி செப்டம்பர் 8 அன்று கழற்றப்பட்டது. அதற்குள் மக்களில் பலர் அந்தப் பகுதியைவிட்டு ஓடியிருந்தார்கள், நோயும் தணியத் தொடங்கியிருந்தது. ஆகவே கைப்பிடியால்தான் நோய் நின்றது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என ஸ்னோவே எழுதிவைத்தார். இந்த நேர்மையைத்தான் நாயகக் கதை முதலில் வெட்டி எறிகிறது. ஸ்னோ சொல்வது தவறு என்று நிரூபிக்கக் கிளம்பிய உதவிப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட்டும் அதில் காணாமல் போகிறார். வீடு வீடாக விசாரித்த அவருக்கு, 40ஆம் எண் வீட்டில் நோய் வெடிப்பதற்கு முன்பே வயிற்றுப்போக்கில் விழுந்த கைக்குழந்தை ஒன்று இருந்தது தெரியவந்தது. அதன் துணிகளை அலசிய தண்ணீர் கொட்டப்பட்ட மலக்குழி, கிணற்றிலிருந்து சில அடி தூரத்தில் இருந்தது. எதிர்க்கட்சியில் இருந்தவரே கடைசியில் ஸ்னோவின் வலுவான சாட்சியானார்.

எல்லாப் பாடத்தையும் இப்படிச் சொல்ல முடியாது. மோல் கணக்குக்குக் கதை கட்டுவது வீண் வேலை. பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்ற ஆசிரியர்களின் குறையும் நியாயமானது. அதைத் தீர்க்க வேண்டியவர்கள் வினாத்தாள் தயாரிப்பவர்கள். “காலரா தண்ணீரால் பரவுவதைக் கண்டறிந்தவர் யார்?” என்ற ஒரு மதிப்பெண் கேள்வி இருக்கும்வரை, பெயரை மனப்பாடம் செய்தால் போதும் என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். பீர் ஆலை, விடுதி, ஹாம்ஸ்டெட் விவரங்களைக் கொடுத்து, காற்றா தண்ணீரா என்று காரணத்தோடு எழுதச் சொல்லி ஐந்து மதிப்பெண் போடட்டும். வகுப்பில் கதை சொல்ல நேரம் தானாகக் கிடைக்கும்.