ரீஸ்டார்ட் என்பது மருந்தல்ல!

நம் கம்ப்யூட்டர் லேபில் எந்தக் கோளாறு வந்தாலும் ஒரே ஒரு சர்வரோக நிவாரணிதான் உண்டு. "ரீஸ்டார்ட் பண்ணுப்பா!" சர்வருக்கே ரோகம் வந்தாலும் அதே மருந்துதான். டேட்டாபேஸ் தொடர்பு அறுந்தால், ஏன் அறுந்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பழக்கம் தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட என்பது என் கருத்து. சும்மா சொல்லவில்லை நண்பர்களே, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

போன கோடை விடுமுறையில் இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக ஒரு மருத்துவமனையில் பதினைந்து நாள் இருந்தேன். பில் போடும் கவுண்டர்கள் முன் கட்டடத்தில்; மைஎஸ்க்யூஎல் ஓடும் லினக்ஸ் சர்வர் பின் கட்டடத்தில்; நடுவில் ஒரு ஃபயர்வால். முதல் இரண்டு கவுண்டர்களில் ஆள் மாற்றி ஆள் உட்காருவார்கள். மூன்றாவது மட்டும் மதியம் ஒரு மணி நேரம் மூடியிருக்கும். சாப்பிட்டு வந்து அந்த அக்கா முதல் பில்லைத் தட்டினால் போதும், திரை அப்படியே நின்றுவிடும். "நீதாம்மா எதையோ அமுக்கியிருப்பே" என்று தினமும் அவருக்குத்தான் திட்டு. பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்து, எல்லா கவுண்டரிலும் புரோகிராமை மூடித் திறப்பார்கள். வேலை நடக்கும். மருந்து பலித்தது என்று எல்லோருக்கும் திருப்தி.

ஒருநாள் அப்படி ரீஸ்டார்ட் செய்த நேரத்தில் முதல் கவுண்டரில் ஒரு பில் பதிவாகிக்கொண்டிருந்தது. சர்வர் பில்லை எழுதி முடித்துவிட்டது. "எழுதியாச்சு" என்ற பதில் போய்ச் சேருவதற்குள் தொடர்பு போய்விட்டது. திரையில் பிழை. அங்கிருந்த அண்ணன் மறுபடி பில் போட்டார். கணக்கில் இரண்டு பில், பெட்டியில் ஒரு பில்லுக்கான பணம். மாலையில் 1,340 ரூபாய் குறைந்தது. கைக்காசைப் போட்டவர் அந்த அண்ணன்தான்.

பதில் வரலைன்னா வேலை நடக்கலைன்னு அர்த்தம் இல்லை. புராஜெக்ட் செய்யும் ஒவ்வொருவரும் இதை எழுதி ஒட்டிவைக்க வேண்டும். ஒவ்வொரு பில்லுக்கும் அனுப்புவதற்கு முன்பே ஒரு எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் டேட்டாபேஸ் மறுக்கும்படி செய்திருந்தால், அந்த அண்ணன் தப்பித்திருப்பார்.

எனக்கு வழிகாட்டிய சிஸ்டம்ஸ் சாரிடம், "ஒருநாள் மட்டும் ரீஸ்டார்ட் பண்ணாம பார்க்கலாமா சார்?" என்று கேட்டேன். முறைத்தார். பிறகு, "பத்தே நிமிஷம்தான் தருவேன்" என்றார்.

பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. சர்வர் எத்தனை விநாடியாக ஓடுகிறது என்று பார்த்தோம். முந்தைய நாள் ரீஸ்டார்ட்டிலிருந்து நிற்காமல் ஓடியிருந்தது. ஆக, அது தானாக விழவில்லை. சும்மா இருக்கும் தொடர்பை சர்வரே வெட்டுகிறதா? அதற்கான கெடு 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம். ஒரு மணி நேரச் சாப்பாட்டுக்கு அது வெட்டாது. தொடர்புகளின் பட்டியலைப் போட்டுப் பார்த்தால், மூன்றாம் கவுண்டர் அங்கே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது! சர்வர் தொடர்பு உயிரோடு இருப்பதாக நினைக்கிறது. கவுண்டரும் அப்படியே நினைக்கிறது. செத்துப்போனது நடுவழி.

அடுத்த இரண்டு நாள் சோதித்தோம். சர்வர் அறைக்குள்ளேயே ஒரு மெஷினில் தொடர்பைத் திறந்து ஒரு மணி நேரம் சும்மா விட்டோம். பிறகு கேட்டால் உடனே பதில் வந்தது. முன் கட்டடத்திலிருந்து 20 நிமிடம் விட்டால் பதில் வந்தது. 40 நிமிடம் விட்டால் நின்றுவிட்டது. ஃபயர்வாலைத் திறந்து பார்த்தால், 1,800 விநாடி பேச்சுமூச்சில்லாத தொடர்பை அது மறந்துவிடுமாம். இருபக்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல்!

"உயிரோடு இருக்கியா?" என்று அவ்வப்போது தட்டிப் பார்க்கும் வசதி லினக்ஸில் உண்டு. ஆனால் நாமாக மாற்றாவிட்டால் முதல் தட்டல் 7,200 விநாடி கழித்துத்தான். அரை மணியில் போகிற உயிருக்கு இரண்டு மணி கழித்து வைத்தியர் வந்து என்ன பயன்? அதை 600 விநாடியாக மாற்றினோம். மறுநாள் மதியம் முதல் பில் உடனே வந்தது. "அப்ப இத்தனை நாளா நான் எதையும் அமுக்கலையா தம்பி?" என்று அக்கா கேட்டபோது சார் குனிந்துகொண்டார். அண்ணனின் 1,340 ரூபாய் மட்டும் நான் கிளம்பும்வரை திரும்பவில்லை.

"வரிசையில் ஜனம் நிக்கும்போது விசாரணை நடத்த முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ரீஸ்டார்ட்டுக்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி நேரம், மெஷின், பிழை எண் ஆகியவற்றைக் குறிக்கலாமே. மைஎஸ்க்யூஎல்லில் 2013 என்றால் கேள்விக்குப் பதில் வருவதற்குள் தொடர்பு போனது. 1040 என்றால் சர்வரில் இனி இடமில்லை. இரண்டுக்கும் ஒரே மருந்தா? தடயத்தை அழித்துவிட்டுத் திருடனைத் தேடக்கூடாது.

ஃபியூஸ் போனால் கம்பியை மட்டும் மாற்றிவிட்டு வரும் எலக்ட்ரிக்கல் நண்பனுக்கு மார்க் கிடைக்குமா? எங்கே ஷார்ட் என்று கேட்பார்கள். நமக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். எனவே மாணவர் மன்றத்துக்கும் துறைக்கும் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, லேபில் ஒரு கோளாறுப் பதிவேடு வையுங்கள். இரண்டு, பிராக்டிகல் தேர்வில் ஒரு கோளாறைக் கண்டுபிடிக்கும் கேள்வி கொடுங்கள்.

நாளை நாமும் ஏதோ ஒரு சர்வர் அறையில் நிற்போம். அன்றைக்கு நம் அலட்சியத்துக்கு ஒரு அக்கா திட்டு வாங்கக்கூடாது, ஒரு அண்ணன் கைக்காசு கட்டக்கூடாது. பட்டனைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்போம்: ஏன்?