அளவு கொடுக்க ஏன் கூசுகிறோம்?

மூன்றாமாண்டு, பி.ஏ. வரலாறு

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். அந்த ஆடைப் பாதி பொருந்தாமற் போனால் ஆள் பாதியும் என்ன பாடுபடும் என்பதை இந்த ஆண்டு நம் கல்லூரியிலேயே கண்டேன்.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளுக்குச் செல்லும் நம் குழுவினருக்குக் கருநீல பிளேசர் தைத்துத் தருவதென முடிவாயிற்று. அளவெடுக்க வந்தவர் ஓர் ஆண். முதல்மாடி வராந்தாவில் நின்றுகொண்டு அவர் அளவுகளை உரக்கக் கூற, உடன் வந்த பையன் நோட்டில் எழுதினான். மாணவர்கள் வரிசையாக நின்று அளவு கொடுத்தனர். நாங்கள் ஒன்பது மாணவியர் சுவரோரம் ஒதுங்கினோம். அவர் நல்ல மனிதர்தாம். எங்கள் தயக்கத்தைக் கண்டு, "அளவுக்கு ஆளுக்கொரு சுடிதார் கொடுத்தனுப்புங்கம்மா, போதும்" என்றார். அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு!

போட்டியன்று என் தோழி மேடையேறினாள். கையை வீசி, உயர்த்திப் பேசுவது அவள் இயல்பு. அன்றோ கையை முன்னே நீட்டினால் முதுகில் துணி இறுகிற்று; உயர்த்தினால் கோட்டே கழுத்துக்கு ஏறிற்று. கடைசிவரை கைகளை விலாவோடு ஒட்டவைத்தபடியே பேசி முடித்தாள். பரிசு கிட்டவில்லை. ஆடையால்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவள் பேச்சை முன்பு கேட்டவர்கள், அன்று பேசியவள் வேறு ஒருத்தி என்றே சொல்வார்கள்.

என் தாயார் வீட்டில் ரவிக்கை தைப்பவர். அந்த பிளேசரைப் புரட்டிப் பார்த்தார். தோழியை நிற்கவைத்து அளந்தார். முதுகு அகலம் 14½ அங்குலம் இருக்கவேண்டிய இடத்தில் 13 இருந்தது. பிரித்துவிடலாமென்றால் உள்ளே மடிப்பில் துணியே விடவில்லை.

அளவுத் துணி கொடுத்துத் தைப்பது நம் ஊர்ப் பழக்கம். ரவிக்கைக்கு ரவிக்கை கொடுத்தால் ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம். கோட்டுக்குச் சுடிதார் கொடுப்பது, செருப்புத் தைக்கக் காலுறையை அனுப்பியது போல! துவைத்துத் துவைத்து ஓரிடம் சுருங்கி, ஓரிடம் தளர்ந்த துணி அது. கோட்டோ சட்டையின் மேல் அணிவது. மார்புச் சுற்றில் உடலளவுக்கு மேல் ஏறக்குறைய நான்கு அங்குலம் தாராளம் வேண்டும். தோளைப் பின்புறமாக எலும்பு முனையிலிருந்து மறுமுனை வரை அளக்கவேண்டும். கை நீளத்தை முழங்கையைச் சற்று மடக்கவைத்து மணிக்கட்டு எலும்பு வரை எடுக்கவேண்டும். பலருக்கு ஒரு தோள் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். இதையெல்லாம் எந்தச் சுடிதார் சொல்லும்?

மாணவ நண்பர்கள் சிரிக்கவேண்டாம். டேப் வயிற்றுக்கு வந்ததும் மூச்சை உள்ளிழுத்துக்கொண்ட வீரர்கள் சிலர், குழுப் புகைப்படத்தில் பொத்தான் போடாமலே நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் 1939-40இல் ஆயத்த ஆடைகளுக்கு அளவு வகுப்பதற்காக அரசின் வேளாண்மைத் துறையே சுமார் 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் எடுத்த அளவுகள் 59! எங்கள் ஒன்பது பேரிடம் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை.

அது எங்கள் குற்றமே என்று பேராசிரியர் ஒருவர் கடிந்துகொண்டார். பாதிதான் ஒப்புவேன். நாங்கள் கூசியது டேப்புக்கு அன்று. அந்நிய ஆணின் கைக்கும், வராந்தா முழுதும் கேட்கும்படி கூவப்படும் எண்ணுக்கும் கூசினோம். அங்குலம் குறித்த அளவு நாடா பரவுமுன் ஐரோப்பியத் தையற்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு தாள் நாடா வைத்து, அளவுகளை அதில் வெட்டுக்குறியாகப் பதித்துக்கொள்வார்கள். அதில் எண்ணே இல்லை. உரக்கச் சொல்ல ஒன்றுமில்லை. என் தாயாரும் ஏறக்குறைய அப்படித்தான். பக்கவாட்டில் நின்று, டேப்பின் ஒரு முனையை நம் கையிலேயே கொடுத்துவிடுவார். எண்ணைப் பார்ப்பார், வாய் திறவாமல் தாமே எழுதிக்கொள்வார். அவரிடம் அளவு கொடுக்க மறுத்த பெண்ணை நான் கண்டதில்லை.

அடுத்த ஆண்டும் பிளேசர் தைக்கப் போவதாகக் கேள்வி. முதல்வர் அவர்களும் பேராசிரியப் பெருமக்களும் மனம் வைத்தால், கதவுள்ள அறை ஒன்றும், அளவெடுக்கத் தெரிந்த பெண் ஒருவரும், ஒரு பிற்பகலும் போதும். தைத்து முடிக்குமுன் ஒருமுறை போட்டுப் பார்க்கவும் நாள் ஒதுக்கவேண்டும். என் தாயாருக்கு வேலை தேடுகிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். அவர் கோட்டு தைப்பதில்லை.

அப்போது நான் இங்கே இருக்கமாட்டேன். எனக்கு ஓராண்டு இளையவளான என் தோழி இருப்பாள். மேடையேற அவளுக்கு அதுவே கடைசி ஆண்டு.