தீபாவளிக்குச் செல்லாத தீபாவளிச் சீட்டு

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தியா இருந்ததால தள்ளிக்கிட்டே போன மேட்டர். இன்னிக்கு எழுதிடறேன். வயித்தெரிச்சல்ல எழுதறது மக்களே, அங்கங்க காரம் தூக்கலா இருக்கும். கண்டுக்காதீங்க.

எங்க தெருவுல அந்தக் காலத்துல ஒரு அக்கா தீபாவளிச் சீட்டு பிடிப்பாங்க. மாசம் 20 ரூபா. தீபாவளிக்கு முந்தின வாரம் ஸ்வீட் பெட்டி, பட்டாசு, அம்மாவுக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம் வீட்டுக்கு வந்துரும். அந்தக்கா ஒரு வருஷம்கூட ஏமாத்தினது இல்ல. இப்ப ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்க. தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி அந்தக்கா வந்து, "தம்பி, தீபாவளி சமயத்துல சரக்கு கிடைக்கிறது கஷ்டம்பா. ஆவணியில வந்திருந்தா குடுத்திருப்பேன். இல்லன்னா மாசி மாசம் வா. அவசரமா இப்பவே வேணும்னா 240 ரூபாய்க்குக் குடுக்கிறதை 700 ரூபா கணக்குல எடுத்துக்கோ"ன்னு சொன்னா என்ன ஆகும்? தெருவே கூடி நின்னு கேள்வி கேட்டிருக்கும்.

இதையேதான் கோட்டு சூட்டு போட்ட விமானக் கம்பெனிக்காரன் சொல்றான். நாம "சாரி, அடுத்த வருஷம் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டு லாக் அவுட் பண்றோம்.

சரி, சொந்தக் கதைக்கு வர்றேன்.

நியூ ஜெர்சியில குப்பை கொட்டுறேன். நான், தங்கமணி, பையன் எட்டாவது, பொண்ணு நாலாவது. அப்பா மயிலாடுதுறையில. இந்த டிசம்பர் 28 அவருக்கு சதாபிஷேகம், திருக்கடையூர்ல. தேதி ஒரு வருஷத்துக்கு முன்னாடியே குறிச்சாச்சு. அவர் போன்ல "டிக்கெட் போட்டாச்சாடா?"ன்னு கேட்டப்ப நான் கொஞ்சம் கெத்தா, "எதுக்குப்பா காசு போட்டு வாங்கணும்? மைல் வெச்சிருக்கேன், நாலு பேரும் ஓசிலேயே வந்துருவோம்"னு சொன்னேன். அப்பா தபால் ஆபீஸ்ல குப்பை கொட்டினவர். அவருக்குப் புரிஞ்ச மாதிரி, "ஆர்.டி. மாதிரியா?"ன்னு கேட்டார். "ஆமாம்ப்பா, அதே மாதிரிதான்"னேன்.

வாய்க் கொழுப்பு. வேறென்ன!

கையில இருந்தது 3,40,000 மைல். பல வருஷச் சேமிப்பு. பால் வாங்கினாலும் அந்தக் கார்டு, பெட்ரோல் போட்டாலும் அந்தக் கார்டு. ஆரம்பிச்சப்ப தலைக்குப் போக வர 80,000 மைல்னு கணக்கு. நாலு பேருக்கு 3,20,000. இலக்கைத் தாண்டியாச்சுன்னு ஒரு மிதப்பு. சுமார் 11 மாசத்துக்கு முன்னாடி சீட்டைத் திறப்பாங்கன்னு தெரியும். அதனால ஜனவரியில அலாரம் வெச்சு, நடு ராத்திரி எழுந்து உக்காந்தேன். தங்கமணி போர்வைக்குள்ளேருந்து, "ஏங்க, சிவராத்திரி அடுத்த மாசந்தானே?"ன்னு ஒரு கமெண்டு.

டிசம்பர் 21, நாலு பேர், சென்னை. தட்டினேன். தலைக்கு 1,30,000. போறதுக்கு மட்டும்! ஒரே ஒரு ஆளுன்னு போட்டுப் பாத்தா 55,000. இது என்ன டகால்டின்னு தோண்டினா விஷயம் இதுதான்: குறைஞ்ச விலைக் கூடையில ஒரு சீட்டோ ரெண்டு சீட்டோதான் போடறாங்க. நாம நாலு கேட்டா, நாலுமே இருக்கிற அடுத்த கூடைக்குப் போய், அந்த விலையை நாலு பேருக்குமே போட்டுடுது. தனி ஆளுக்கு ஒரு விலை, குடும்பஸ்தனுக்கு ஒரு விலை. கல்யாணம் பண்ணி ரெண்டு பெத்ததுக்கு அபராதம்.

சரின்னு, கூட்டாளிக் கம்பெனி விமானத்துல ஐரோப்பா வழியாத் தேடினேன். போறதுக்கு ரெண்டு சீட்டு கிடைச்சுது. திரும்பி வர ஜனவரி 2, 3, 4 மூணு நாளும் காலி. காலின்னா சீட்டு காலியா இருக்குன்னு நெனச்சுடாதீங்க, நமக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். ஜனவரி 16-க்கு மேல வேணுங்கிற அளவுக்கு இருந்துது. பள்ளிக்கூடம் என்ன, எங்க மாமனாரோடதா?

அப்புறமா திறப்பான், ரெண்டு வாரம் பொறு, ஒரு மாசம் பொறுன்னு அஞ்சு மாசம் ஓட்டினேன். தினம் காலையில காபிக்கு முன்னாடி ஒரு தடவை, ராத்திரி படுக்கும்போது ஒரு தடவை தேடறதே வேலை. மைல் சீட்டு வரவே இல்ல. அதுக்குள்ள காசு டிக்கெட் விலையும் ஏறிடுச்சு. கடைசியில ஜூன்ல நாலு பேருக்கும் காசு குடுத்தே வாங்கினேன். ஜனவரியிலயே வாங்கியிருந்தா மிச்சமாகியிருக்கும். மைல் இருக்குங்கிற நம்பிக்கைக்கு நான் குடுத்த வட்டி அது.

இதுக்கு நம்ம ஆளுங்க வழக்கமா நாலு பதில் வெச்சிருப்பாங்க. ஒண்ணொண்ணாப் பாப்போம்.

1. "ஓசி மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமா?"

ஓசின்னு யாரு சொன்னது? கார்டுக்கு வருஷச் சந்தா நான் கட்டறேன். எடிசன் ஓக் ட்ரீ ரோட்டுல மளிகைக் கடைக்காரர், கார்டு தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் சுமார் 2, 3 சதவீதத்தை விட்டுக்குடுக்கிறார். அதை அவர் பருப்பு விலையிலதான் ஏத்துவார். கார்டே இல்லாம ரொக்கம் குடுத்து வாங்கிற மனுஷனும் அந்த விலையைத்தான் குடுக்கிறான். அந்தப் பணத்துல ஒரு பங்கை வெச்சுத்தான் பேங்க்காரன் விமானக் கம்பெனிகிட்டேருந்து மைலை மொத்தமா விலைக்கு வாங்கறான். அதாவது என் மைலுக்கு ஏற்கெனவே ஒருத்தன் காசு வாங்கிட்டான். வித்த பொருளைக் குடுடான்னு கேட்டா, நான் ஓசிக் கிராக்கியா?

இதுல வர்ற காசு சின்னக் காசுன்னும் நெனக்காதீங்க. 2020-ல கொரோனாவால விமானமெல்லாம் தரையில நின்னப்ப, யுனைடெட் கம்பெனி தன்னோட மைலேஜ் பிளஸ் திட்டத்தை அடமானம் வெச்சு 680 கோடி டாலர் திரட்டுச்சு. அதே வருஷம் டெல்டா தன்னோட ஸ்கைமைல்ஸை வெச்சு 900 கோடி. 2021-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1,000 கோடி. கடன் குடுக்கிறவன்கிட்டப் போகும்போது மைல் தங்க நகை. அதே மைலைத் தூக்கிட்டு நான் போனா கவரிங். எப்படி இருக்கு கதை?

2. "டிசம்பர்ல எதுக்குப் போறே? பிப்ரவரியில போ, செவ்வாக்கிழமை போ."

போகலாமே. குழந்தைங்களை ஸ்கூலை விட்டு நிறுத்திடலாம். அப்பாகிட்டேயும், "எம்பதை ரெண்டு மாசம் தள்ளி வெச்சுக்கோங்க"ன்னு சொல்லிடலாம். யோசிச்சுப் பாருங்க, எப்ப வேணா போகலாம்ங்கிற சுதந்திரம் யாருக்கு இருக்கு? தனி ஆளுக்கு, இல்லன்னா ரிட்டயர் ஆனவங்களுக்கு. ஆனா விளம்பரத்துல யார் படத்தைப் போடறான்? அப்பா, அம்மா, ரெண்டு குழந்தைங்க, கடற்கரை. எந்தக் குடும்பத்துக்குச் சீட்டுத் தர முடியாதோ, அதே குடும்பத்தைப் போட்டோ புடிச்சு வித்துக்கிட்டிருக்கான்.

3. "சீசன்ல காசு குடுக்க ஆள் வரிசையில நிக்கும்போது அவன் எதுக்கு மைலுக்குச் சீட்டுத் தரணும்?"

நியாயமான கேள்வி. இது எனக்கும் புரியுது. ஒவ்வொரு விமானத்துலயும் எத்தனை சீட்டு காசுக்கு விக்கும்னு கணிச்சு, மிச்சம் மீதியைத்தான் மைலுக்கு ஒதுக்கறாங்க. தீபாவளிக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கத்துல ஆம்னி பஸ்காரன் இலவசப் பாஸ் குடுக்க மாட்டான், சரி. ஆனா அதை முன்னாடியே சொல்லணும் இல்லையா? "இந்தத் திட்டம் டிசம்பர் 15-லேருந்து ஜனவரி 5 வரைக்கும், ஜூன் ஜூலையிலயும் குடும்பத்துக்கு உதவாது"ன்னு விண்ணப்பப் படிவத்துல பெரிய எழுத்துல போடட்டும். அப்புறம் எத்தனை பேர் கார்டு வாங்கறான்னு பாப்போம். முடியாத காரியமும் இல்ல இது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன்னோட ஒவ்வொரு விமானத்துலயும் குறைஞ்சபட்சம் இத்தனை சீட்டு மைலுக்குன்னு ஒதுக்கி வெளிப்படையாச் சொல்றான். நீண்ட தூரத்துக்கு அவன் போடற கூடுதல் கட்டணம் கண்ணைக் கட்டும்கிறது வேற விஷயம். ஆனா ஒதுக்க முடியும்னு தெரியுதில்ல?

4. "விதிமுறையைப் படிக்காதது உன் தப்பு."

படிச்சேன் சாமி, இப்பத்தான் படிச்சேன். எந்த விதியையும் எப்ப வேணா மாத்திக்குவோம்ங்கிறதுதான் முக்கியமான விதியே! எந்த ஊருக்கு எத்தனை மைல்னு முன்னெல்லாம் ஒரு அட்டவணை இருக்கும். டெல்டா அதை 2015-ல தூக்கினான். யுனைடெட் 2019 நவம்பர்ல தூக்கினான். அமெரிக்கன் 2023-ல தன் சொந்த விமானங்களுக்குத் தூக்கினான். இப்ப அன்னன்னிக்கு என்ன தோணுதோ அதுதான் விலை.

கோர்ட்டுக்குப் போலாமான்னா, அங்கயும் ஒருத்தர் ஏற்கெனவே போய்ப் பாத்தாச்சு. மின்னசோட்டாவைச் சேர்ந்த ஒரு யூத மதகுரு. அவர் அடிக்கடி புகார் சொல்றார்னு நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 2008-ல அவரோட மைல் கணக்கையே மூடிடுச்சு. நல்லெண்ணத்தோட நடந்துக்கணும்ங்கிறது ஒப்பந்தத்துக்குள்ளயே அடக்கம்னு அவர் வழக்குப் போட்டார். 2014 ஏப்ரல்ல அமெரிக்க உச்சநீதிமன்றம் 9 நீதிபதிகளும் ஒரே குரல்ல, 1978-ம் வருஷ விமானக் கட்டுப்பாடு நீக்கச் சட்டம் இருக்கிறதால அந்த வாதம் நிக்காதுன்னு சொல்லிடுச்சு. ஒப்பந்தத்துல எழுதினதை மீறினா கேக்கலாம், அது 1995 தீர்ப்பு. ஆனா ஒப்பந்தத்தை எழுதறது யாரு? அவனேதான்.

நம்ம ஊர்ல ஏலச்சீட்டுக்குக்கூட 1982-ல ஒரு சட்டம் போட்டு வெச்சிருக்கு. பதிவு பண்ணணும், நடத்தறவர் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு கணக்கு இருக்கு. இவ்வளவு பெரிய உலகச் சீட்டுக்கு அந்த அளவு கடிவாளம்கூட இல்ல. 2024 செப்டம்பர்ல அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நாலு பெரிய கம்பெனிகளைக் கூப்பிட்டு இந்தத் திட்டங்களைப் பத்தி விவரம் கேட்டுது. கேட்டதே பெரிசுன்னு சந்தோஷப்பட வேண்டிய நிலைமை.

இவ்வளவும் சொன்னேன். ஆனா உண்மையான வயித்தெரிச்சல் இது எதுவும் இல்ல.

2022 டிசம்பர்ல நாங்க ஊருக்குப் போயிருக்கணும். குழந்தைங்க பாட்டியைக் கடைசியாப் பாத்தது 2019-ல. டிக்கெட் விலை பாத்தோம், எக்கச்சக்கம். கையில காசு இல்லாம இல்ல. "இன்னும் கொஞ்சம் மைல் சேரட்டும், அடுத்த டிசம்பர்ல நாலு பேரும் ஓசியில போயிரலாம்"னு நான்தான் சொன்னேன். 2023 மார்ச்ல அம்மா போயிட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்குப் போன். மறுநாள் விமானத்துக்கு, ஒரே ஒரு ஆளுக்கு, மைல்ல சீட்டுத் தேடினேன். உடனே கிடைச்சுது. அஞ்சு நிமிஷ வேலை. விக்காம மிஞ்சின சீட்டைக் கடைசி நேரத்துல திறந்து விடுவாங்களாம். இத்தனை வருஷத்துல என் மைல் எனக்கு ஒழுங்கா உதவினது அந்த ஒரு தடவைதான்.

அதுக்கப்புறமும் புத்தி வரலையே. அப்பாவோட எம்பதுக்குன்னு மறுபடி சேர்த்தேன் பாருங்க.

அதனால எனக்கு இப்போ தெளிவாத் தெரியுது. மைல் சேர்க்கிறதுல பெரிய நஷ்டம், மதிப்பு குறையறது இல்ல. "அப்புறம் போலாம்"னு ஒரு காரணத்தை அது நம்ம கையில குடுத்துடுது பாருங்க, அதுதான். ஸ்கூல் லீவு வருஷத்துக்கு ரெண்டு. ஊர்ல இருக்கிறவங்க வயசு ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு கூடுது. இந்தக் கணக்குல எந்தக் கம்பெனியும் போனஸ் குடுக்காது.

நான் இனிமே பண்ணப் போறது: குடும்பத்தோட ஊருக்குப் போறதுக்கு ஒரு தனி பேங்க் கணக்கு. மாசா மாசம் காசு, மைல் இல்ல. லீவுத் தேதி வந்தவுடனே டிக்கெட். தானா சேர்ற மைலை அவசரத்துக்கு ஒரு ஆள் போக வர்ற அளவுக்கு வெச்சுக்கிட்டு, மிச்சத்தை வந்த விலைக்குத் தீத்துடறது. கிடைச்சா ஒருத்தருக்கு மட்டும் மைல், மத்த மூணு பேருக்குக் காசுன்னாலும் சரி. நாலு பேருக்கும் சேர்ந்து கிடைக்கும்னு காத்திருக்கிற வேலையை மட்டும் இனி பண்ண மாட்டேன்.

போன வாரம் அப்பா கேட்டார், "மைல்லதானேடா வர்றே?" இல்லப்பா, காசு குடுத்துட்டேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ஆர்.டி. மாதிரின்னியேடா... தபாலாபீஸ் பாஸ்புக்ல எழுதின நம்பர் என்னிக்கும் குறைஞ்சது இல்ல"ன்னார்.

நாப்பது வருஷம் கவுண்டர்ல உக்காந்து அந்த நம்பரை எழுதினவர் சொல்றார். நான் என்னத்தைப் பதில் சொல்ல?

என்ன நாஞ்சொல்றது மக்களே?

பி.கு: இதை எழுதி முடிக்கிற நேரத்துல ஒரு மெயில். "உங்கள் கனவுக் குடும்பச் சுற்றுலாவுக்கு இன்னும் சில மைல்களே!"ன்னு. படத்துல ரெண்டு குழந்தைங்க மணல்வீடு கட்டுதுங்க.