சந்தனத்துக்குச் சற்றுப் பொறுமை வேண்டும்

மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளின் பையில் சென்ட் பாட்டில் தவறாமல் இருக்கிறது. சந்தனம் என்றால் மட்டும் "அது தாத்தா வாசனை" என்று சிரிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கடையில் நின்றபடி மோந்து பார்த்து, "ஒன்றும் மணக்கவில்லையே" என்று வைத்துவிடுகிறோம். சந்தனம் எலுமிச்சை போல முதல் நிமிடத்தில் பாய்ந்து வராது. அதன் மணத்துக்குக் காரணமான சாந்தலால் மெதுவாகவே ஆவியாகும். மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவி அரைமணி பொறுங்கள். முதலில் புதிதாக இழைத்த பலகையின் வறண்ட வாசம். பிறகு உடல் சூட்டில் காய்ச்சிய பாலின் மென்மை. மாலை ரயிலில் திரும்பும்போதும் மிச்சமிருக்கும். அத்தர் வடிப்பவர்கள் பூக்களின் மணத்தைச் சந்தன எண்ணெயில் பிடித்து வைத்தது இதனால்தான். மலிவுப் பாட்டில்களில் இருப்பது பெரும்பாலும் செயற்கை மணம். அதை வைத்துச் சந்தனத்தை எடை போடுவது நியாயமல்ல.

மைசூர் சமஸ்தானம் 1916-ல் சந்தன எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. மைசூர் சாண்டல் சோப்பு அதில் பிறந்ததே. சுரங்கத்திலிருந்து ஏறி வரும் என் அப்பா அதைத் தேய்த்துக் குளித்த பிறகுதான் எங்களைத் தூக்குவார். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. அந்த வாசம் மட்டும் எங்கள் வீட்டில் நின்றுவிட்டது.

சந்தன மரம் அண்டை மரங்களின் வேரைப் பற்றித்தான் வளர்கிறது; மணமோ அதற்கே உரியது. கன்னட மண்ணில் வேர்விட்ட நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்போம்.